சகலையின் அழுக்கு

டச்சப்பின் முன்வரிசைப் பற்களில் ஒன்று பொய்ப்பல். பட்டறையில் ஜாக்கி நழுவி, இரும்புக்கம்பி வாயில் அடித்ததில் போன பல்லுக்குப் பதிலாக வந்தது. எது பொய், எது நிஜம் என்று இதுவரை ஒருவரும் சரியாகச் சொன்னதில்லை. பக்கத்துப் பல்லின் அதே மங்கல், டீ குடித்தே ஈறோரம் படிந்த அதே பழுப்புக் கோடு, எல்லாம் அச்சு அசல். செய்து கொடுத்தவர் அவருடைய சகலை, அதாவது மனைவியின் தங்கையைக் கட்டியவர். பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்து தரும் இடத்தில் அவருக்கு வேலை. அதனால் தெரிந்தவர்கள் மத்தியில் அவர் பெயர் பல்செட்டு. தினமும் காலையில் கண்ணாடிமுன் வாயைத் திறந்தால் டச்சப் முதலில் பார்ப்பது பல்செட்டின் கைவேலையைத்தான். மனிதனுக்குப் பொறாமை எங்கெங்கிருந்தோ வரும். அதை வாயிலேயே மாட்டிக்கொண்டு திரிகிற யோகம் டச்சப்புக்கு வாய்த்தது.

டச்சப் கார்ப் பட்டறையில் பெயின்டர், டச்-அப் வேலை செய்தே ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர் அது. நசுங்கிய கதவைத் தட்டி நிமிர்த்தி, பட்டி பூசி, தண்ணீர் விட்டுத் தேய்த்து, பழைய நிறமும் புது நிறமும் சேர்கிற இடம் தெரியாமல் அடித்துவிடுவார். வண்டிக்காரர் வருவார், கதவைத் தடவிப் பார்ப்பார், "ஒண்ணும் தெரியலையே" என்பார், சாவியை வாங்கிக்கொண்டு போய்விடுவார். அந்த ஒரு வார்த்தைதான் டச்சப்புக்குக் கிடைக்கிற பாராட்டு. நன்றாகச் செய்தால் செய்ததே தெரியாத தொழில் அது. யோசித்துப் பார்த்தால் சகலையின் தொழிலும் அதே ரகம். அழகான பொய்ப்பல் என்று யாரும் யாரையும் நிறுத்திப் புகழ்வதில்லை. ஆனால் டச்சப் அப்படி யோசிக்கிற ஆளில்லை. எதிராளிக்குக் கிடைப்பதை எண்ணிப் பார்ப்பாரே தவிர, கிடைக்காததை ஒருநாளும் எண்ண மாட்டார்.

இருவரும் ஒரே சங்கத்தில் இருந்ததுதான் வினை. தையற்காரர் ஒருவரின் கடை மாடியில், துணி வெட்டும் நீள மேசைகளைச் சேர்த்துப்போட்டு, அதன்மேல் மாதிரி ரயில் ஓட்டுகிறவர்களின் சங்கம் அது. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பத்துப் பதினைந்து பேர் கூடுவார்கள். கடையில் வாங்கும்போது அந்தக் குட்டி வண்டிகள் பளபளவென்று பிளாஸ்டிக் முகத்தோடு இருக்கும். அவற்றுக்குத் துருவும் கரியும் தூசியும் ஏற்றி, ஊர் ஊராக ஓடித் தேய்ந்த வண்டிபோல ஆக்குவதுதான் அங்கே பெரிய வித்தை. 'பழசாக்குறது' என்பார்கள்.

வருடத்துக்கு ஒருநாள் பொதுமக்களுக்குக் கதவைத் திறந்துவிடுவார்கள். அன்று ஆளுக்கொரு வண்டி சேர்த்து ஒரு சரக்கு ரயில் ஓடும். அதன் வாலில் போகிற கார்டு வேன், அதாவது ரயில் கார்டு உட்கார்ந்து வருகிற பெட்டி, யாருடையது என்பதில்தான் எல்லோருக்கும் கண். ரயில் கடந்து போகும்போது பார்க்கிறவர் கண் கடைசி வண்டியைத்தானே துரத்திக்கொண்டு போகும். சங்கத் தலைவரான தையற்காரர் தன் பொத்தான் டப்பாவிலிருந்து ஒரு சிவப்பு மணியை எடுத்து, தேர்ந்தெடுத்த வண்டியின் முதுகில் விளக்குபோலத் தொங்கவிடுவார். அந்த மணி வருடாவருடம் பல்செட்டின் வண்டிக்கே போனது. டச்சப் கைதட்டுவார். எல்லோரும் நிறுத்திய பிறகும் ஒரு தட்டு கூடுதலாகவே தட்டுவார், யாரும் சந்தேகப்படக் கூடாதே என்று.

போன வருடம் டச்சப்பும் ஒரு கார்டு வேன் கொண்டுபோனார். நிறத்தில் பிசகே கிடையாது. பழுப்பு மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இறங்கியிருந்தது. பல்செட்டு அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வேலை சுத்தம் சகல. அதான் கொஞ்சம் இடிக்குது."

"என்ன இடிக்குது?"

"அழுக்குன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கணும் இல்ல? இது சும்மா எல்லா எடத்துலயும் சமமா உக்காந்திருக்கு. பந்தியில உக்காந்த மாதிரி."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டச்சப்பும் சிரித்தார், சகலையின் பல் தெரிய. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் வயிறு எரிந்தது. சொன்னது பொய்யாக இருந்திருந்தால் அன்றே ஆறியிருக்கும். உண்மை என்று தெரிந்ததால்தான் அது வருடம் முழுக்க ஆறவில்லை.

இதற்கு மேல் இன்னொன்று இருந்தது, பல்செட்டின் தொலைந்துபோன வண்டி. டச்சப் சங்கத்தில் சேர்வதற்கு முன்பே பல்செட்டு ஒரு கார்டு வேன் செய்திருந்தாராம், அதுபோல் இன்னொன்று வராதாம். அதைச் சங்கத்தில் யாருக்கும் காட்டுவதற்கு முன்பே, வீடு மாறிய சமயத்தில் அவர் மனைவி, அதாவது டச்சப்பின் மச்சினி, பழைய பொம்மை என்று நினைத்து வேண்டாத சாமான்களோடு சேர்த்துத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். அந்தப் பேச்சு வந்தால் பல்செட்டு விவரிக்க மாட்டார், கண்ணை மட்டும் மூடிக்கொள்வார். "அது போச்சு, விடுங்க" என்பார். இருக்கிற வண்டிகளோடு போட்டி போடலாம். இல்லாத வண்டியோடு எப்படிப் போட்டி போடுவது? போதாக்குறைக்கு வீட்டில் வேறு இடி.

"அவ்வளவு ஆசையா செஞ்சத என் தங்கச்சி தூக்கிப் போட்டாளே, அவர் ஒரு வார்த்த திட்டலையாம்" என்பாள் மனைவி. "நீங்க ஸ்க்ரூ டிரைவர் காணோம்னா வீட்டையே தலைகீழாக்குறீங்க."

அப்படியிருக்க, இந்த வருடம் காட்சி நாளுக்கு ஒன்றரை மாதம் இருக்கையில், பட்டறைக்கு உதிரி பாகம் தேடிப் போன டச்சப், பழைய சாமான் கடை ஒன்றில் உடைந்த பொம்மைகளுக்கு நடுவே ஒரு கார்டு வேனைக் கண்டார். பரிதாபமான நிலை. ஒரு பக்கம் படி இல்லை, கைப்பிடிக் கம்பி ஒன்று இல்லை, சக்கரம் ஆடியது, உடம்பெல்லாம் கரியும் கறையும். ஆனால் கூடு கோணாமல் நேராக இருந்தது. கடைக்காரர் கேட்டதைக் கொடுத்துவிட்டு டச்சப் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வீட்டில் அவருக்கு வேலை செய்யும் இடம், துவைக்கும் இயந்திரம் நிற்கிற பின் பால்கனி. இயந்திரத்தின் மூடிதான் மேசை. பட்டறையில் எந்த வண்டி வந்தாலும் முதல் வேலை கழுவுவது. அழுக்கின் மேல் அடித்த பெயின்ட் நிற்காது. இருபது வருடப் பழக்கம், மனம் யோசிப்பதற்கு முன்பே கை பழைய பல்துலக்கியை எடுத்துவிட்டது. சோப்புத் தண்ணீரில் தேய்த்தார். அழுக்கு மசியவில்லை. வெறும் தூசியாக இருந்தால் சோப்பிலேயே போயிருக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. வீம்பு வந்தது. பட்டறையிலிருந்து கொண்டுவந்த ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்துத் தேய்க்கத் தேய்க்க, அழுக்கு கலங்கி இறங்கியது.

இறங்குகிற ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டேதான் தேய்த்தார். கூரையில், கார்டின் அடுப்புப் புகை போகிற குழாய்க்கு ஒரு பக்கம் மட்டும் கரி அடர்த்தி. கதவில், கை வைத்துத் தள்ளுகிற உயரத்தில், நிறம் தேய்ந்து வெறும் மரம்போல் ஒரு திட்டு. மிச்சமிருந்த படியின் ஓரம் கால் பட்டுப் பட்டு வெளுத்திருந்தது. ஜன்னலுக்குக் கீழே மெல்லிய பழுப்பாக ஒரு வழிசல், நடுவில் பிரிந்து இரண்டாக ஓடியது. எவனோ பொம்மை மேல் டீயைக் கொட்டியிருக்கிறான் என்று டச்சப் வாய்விட்டே திட்டினார். அந்தக் கறைதான் கடைசிவரை அடம் பிடித்தது.

உடம்பு பளிச்சென்று ஆனதும் வண்டியைக் கவிழ்த்து அடிப்பாகத்தைத் துடைத்தார். மசி விலகியது. நடுவில், ஊசிமுனையால் செதுக்கியதுபோல் ஒரு குட்டிக் கடைவாய்ப்பல், இரண்டு வேரோடு.

டச்சப்புக்குத் தூக்கிவாரிப்போட்டது. சங்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த அடையாளம் அது. பல்செட்டு தான் செய்கிற ஒவ்வொரு வண்டியின் வயிற்றிலும் பல் குடைகிற கருவியால் அந்தக் கடைவாய்ப்பல்லைப் போட்டுவிடுவார். அவர் செய்ததில் கைவிட்டுப் போன வண்டி ஒன்றே ஒன்றுதான். டச்சப் பஞ்சைப் பார்த்தார். கிண்ணத்தில் கலங்கிய ஸ்பிரிட்டைப் பார்த்தார். பல்செட்டு கண்ணை மூடிக்கொண்டு ஏங்கிய வண்டி, அதன் பாதி சாக்கடைக்குழாய் வழியாகப் போய்விட்டது, மீதி கிண்ணத்தில் இருந்தது.

முதலில் வந்தது பயம். அடுத்த நொடி வந்தது சந்தோஷம், அதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. தொலைந்த வண்டி இனி உண்மையாகவே இல்லை. மூன்றாவதாக வந்ததுதான் அவரை உட்கார வைத்தது. பெயின்டில் இருபது வருடம் ஊறிய கண்ணை அந்த ஆள் ஏமாற்றிவிட்டார். இது பெயின்ட் என்று ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை. அந்த டீக்கு ஒரு காரணம் இருந்தது. கார்டு ஒருவன் குடித்து முடித்து, மிச்சத்தை ஜன்னல் வழியாக வீசியிருக்கிறான், ஓடுகிற வண்டியில் காற்று அதைத் திருப்பிச் சுவரில் அடித்திருக்கிறது. இந்த ஆளால் மட்டும் எப்படி இதையெல்லாம் யோசிக்க முடிகிறது? 

துணி எடுக்க வந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, மூஞ்சி இப்படிப் போயிருக்கு? கைய கிய வெட்டிக்கிட்டீங்களா?"

"ஒண்ணுமில்ல. ஸ்பிரிட் நெடி."

"இது என்ன, நல்லா பளபளன்னு இருக்கே. இப்படியே விட்டுருங்களேன். எதுக்கு மறுபடியும் அழுக்காக்குறீங்க?"

டச்சப் வண்டியை நிமிர்த்தி வைத்தார். அவள் போனதும் வேலையைத் தொடங்கினார். ஆடிய சக்கரங்களைக் கழற்றி எறிந்துவிட்டு உலோகச் சக்கரம் போட்டார். உள்ளே ஈயத்துண்டு வைத்து எடை கூட்டினார், வளைவில் தடம்புரளாதபடி. பித்தளைத் தகட்டை மடித்துப் படி செய்தார். மெல்லிய கம்பியை வளைத்துக் கைப்பிடி வைத்தார். இதெல்லாம் அவர் கைக்குத் தண்ணீர் பட்ட பாடு. பிறகு அழுக்குக்கு வந்தார். ஒவ்வொரு கறையும் கண்ணுக்குள் அப்படியே இருந்தது. தேய்த்து எடுத்தவருக்குத் தெரியாதா எது எங்கே இருந்தது என்று. ஒருவேளை செய்தவரைவிட நன்றாகவே தெரியும். எந்தக் கறையை எடுக்கக் கை அதிகம் வலித்ததோ அதை அங்கே அதே அழுத்தத்தில் வைத்தார். தினம் பட்டறை விட்டு வந்து, வெளிச்சம் இருக்கும்வரை. டீக்கறையை மட்டும் பலமுறை போட்டுப் பலமுறை அழித்தார். அது இரண்டாகப் பிரிகிற இடம் சரியாக வந்த அன்று, பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுத் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மிஞ்சியது வயிற்றில் இருந்த கடைவாய்ப்பல். பிளேடால் நாலு சுரண்டு சுரண்டினால் போதும், உலகத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது. பிளேடை எடுத்து அதன்மேல் வைக்கவும் வைத்தார். வைத்தவர் எடுத்துவிட்டார். சுரண்டினால் கீறல் விழும், கீறல் நமக்கு ஆகாது என்று மனசாட்சிக்கு ஒரு சாக்குச் சொன்னார். நிஜமான காரணம் வேறு. பல்செட்டு அதைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு இருந்தது. உன்னுடையதை அழித்துவிட்டு அதன்மேல் நான் செய்திருக்கிறேன் பார், அதுவும் உன்னுடையதைவிட நன்றாக. அந்த நிமிடம் சகலையின் முகம் எப்படிப் போகும் என்று நினைத்து நினைத்து, பட்டறையில் தனியாகச் சிரித்து, கூட வேலை செய்கிறவரிடம் மாட்டிக்கொண்டார்.

காட்சி நாள் காலை, கதவு திறப்பதற்கு முன், வண்டிகளை மேசையில் வரிசையாக வைத்தார்கள். பல்செட்டும் புதிதாக ஒரு கார்டு வேன் கொண்டுவந்திருந்தார். தொலைந்ததை ஞாபகத்திலிருந்து மறுபடி செய்து பார்த்தாராம். டச்சப் தன்னுடையதை அதன் பக்கத்தில் வைத்தார்.  இரண்டிலும் ஒரே ஜன்னலுக்குக் கீழே டீ வழிந்திருந்தது.

தையற்காரர் மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு குனிந்தார். "என்னப்பா இது, ரெண்டு கார்டும் ஒரே கடையில டீ குடிச்சாங்களா?"

"சகல, என் வண்டிய எங்க பாத்தீங்க?" என்றார் பல்செட்டு. குரலில் கோபம் இல்லை, குழப்பம்தான். "நான் யாருக்கும் காட்டலையே."

"உங்க வண்டிய நான் பாக்கல. இது என் கையால போட்டது."

பொய் ஒன்றும் இல்லை. தையற்காரர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பல்செட்டின் வண்டியில் கறை கொஞ்சம் கெட்டியாக இருந்தது, கூரையில் கரி கொஞ்சம் தாராளம். ஞாபகம் எதையும் பெரிதாக்கித்தான் வைத்திருக்கும். டச்சப்பின் வண்டியில் எல்லாம் அளவோடு இருந்தது.

"தப்பா நெனச்சுக்காதப்பா" என்று பல்செட்டிடம் சொல்லிவிட்டு, தையற்காரர் பொத்தான் டப்பாவைத் திறந்து, சிவப்பு மணியை எடுத்து டச்சப்பின் வண்டியில் மாட்டினார். "நீ பழைய வண்டி ஒண்ணு சொல்லுவியே, எனக்கு அதப் பாத்த மாதிரியே இருக்கு."

பல்செட்டு நிமிர்ந்தார். கையை நீட்டி வண்டியை எடுத்தார். கவிழ்த்தார். டச்சப் ஒன்றரை மாதமாகக் காத்திருந்த நிமிடம் அதுதான். பல்லைக் கடித்துக்கொண்டு, அதில் ஒன்று இரவல் பல் என்பதையும் மறந்து, அந்த முகத்தையே பார்த்தார்.

"இது என்னுது" என்றார் பல்செட்டு மெதுவாக. "எங்க கெடச்சுது?"

"பழைய சாமான் கடையில. வாங்கும்போது உங்களுதுன்னு தெரியாது."

"மேல இருந்ததெல்லாம்?"

"கழுவிட்டேன்."

"ஏன்?"

இங்கேதான் டச்சப் தயாராக வைத்திருந்த பதில் எதுவும் வாய்க்கு வரவில்லை. உண்மை முந்திக்கொண்டது.

"அழுக்குன்னு நெனச்சேன்."

பல்செட்டின் முகம் போகத்தான் செய்தது, ஆனால் டச்சப் நினைத்த திசையில் போகவில்லை. முதலில் புருவம் ஏறியது. பிறகு வாய் கோணியது. பிறகு வண்டியை மேசையில் பத்திரமாக வைத்துவிட்டு, அவர் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தார்.

"கேட்டீங்களா? நம்ம டச்சப்பு. கார் பெயின்டரு. நான் போட்டத நெஜ அழுக்குன்னு நெனச்சு கழுவியே விட்டாரு. சோப்புல போச்சா சகல?"

"போகல. ஸ்பிரிட் போட்டேன்."

"ஸ்பிரிட் போட்டாராம்."

அவ்வளவுதான். கதவு திறந்து, ஜனம் மாடியேறியதும், ரயில் ஓடத் தொடங்கியது. சிவப்பு மணி ஆட ஆட டச்சப்பின் வண்டி கடைசியில் போனது. மேசையைச் சுற்றி நின்றவர்களுக்கெல்லாம் பல்செட்டு கதை சொன்னார். ஒவ்வொரு முறையும் சகலையின் தோளில் கை போட்டுக்கொண்டு, அவர் பெருமையையும் சேர்த்தே சொன்னார், இவர் இல்லாவிட்டால் அது திரும்ப வந்திருக்குமா என்று. ஆனாலும் கேட்டவர்கள் குனிந்து தேடியது இருக்கிற அழுக்கை அல்ல, கழுவிவிட்ட அழுக்கை. ஒரு அம்மாள் டச்சப்பிடம் வந்து, "பாவங்க, அது எவ்வளவு நல்லா இருந்திருக்கும்" என்று துக்கம் விசாரிப்பதுபோல் சொல்லிவிட்டுப் போனார். மச்சினி பக்கத்தில் வந்து நின்று, "அத்தான், நான் தூக்கிப்போட்டதக்கூட அவர் இப்பதான் முழுசா மன்னிச்சாரு" என்று சிரித்தாள். இருக்கிற வண்டிக்கு மணி கிடைத்தது, இல்லாத வண்டிக்குப் பேர் கிடைத்தது. சாக்கடையில் போன கறையைப் பார்த்து வயிறெரிய டச்சப்பால் மட்டும்தான் முடியும்.

கூட்டம் குறைந்த பிறகு, மேசைகளின் மேல் துணி போர்த்துகிற நேரத்தில், பல்செட்டு அவரைத் தனியாக ஜன்னலோரம் இழுத்துக்கொண்டு போனார். இப்போது சிரிப்பு இல்லை.

"சகல, ஒண்ணு கேக்கறேன், உண்மையச் சொல்லணும். கரி, தூசியெல்லாம் சரி. அந்த டீ கறை. அதையுமா நெஜம்னு நெனச்சீங்க?"

டச்சப்புக்கு அப்போதுதான் கையில் ஒரு ஆயுதம் இருப்பது தெரிந்தது. 'இல்ல, அதுல மட்டும் கொஞ்சம் சந்தேகம் வந்துச்சு' என்று சொன்னால் போதும். யாரும் சரிபார்க்க முடியாது. இந்த ஆள் அதை வைத்து ஆயுளுக்கும் குமைந்துகொண்டிருப்பார். சொல்லத்தான் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து, கதவைத் தடவிவிட்டு "ஒண்ணும் தெரியலையே" என்று சாவியை வாங்கிக்கொண்டு போகிற வண்டிக்காரர்களின் ஞாபகம் வந்து தொலைத்தது. அவர்களில் ஒருவரைக்கூட நிறுத்தி, உண்மையாகவே தெரியவில்லையா என்று கேட்க அவருக்குத் துணிச்சல் வந்ததில்லை.

"கொட்டினவன் கைய ஒடைக்கணும்னு திட்டிட்டே தேச்சேன்" என்றார்.

 பல்செட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தார்.  பரீட்சையில் பாஸ் என்று கேட்ட பையன்போல அந்த ஐம்பது வயது முகம் மெல்ல மெல்ல மலர்ந்ததை, டச்சப் பக்கத்தில் நின்று முழுசாகப் பார்த்தார். தன் வேலையைப் பற்றி யாராவது எதையாவது சொல்லி, தன் முகம் ஒருநாளாவது இப்படி ஆகியிருக்கிறதா என்று நினைத்துப் பார்த்தார். ரயில் நின்றதும் கழற்றிய சிவப்பு மணி டச்சப்பின் சட்டைப் பையில்தான் இருந்தது. அதை அப்படியே கொடுத்துவிட்டு அந்த முகத்தை வாங்கிக்கொள்ள முடிந்தால் வாங்கியிருப்பார்.